லாபம் யாருக்கு? 1919ல் நான்கு நாடுகள் சொன்ன நான்கு பதில்கள்

வணிகவியல் பாடப் புத்தகங்களில் 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்ற பாடம் ஒரு வரையறையில் தொடங்கும். பங்குதாரர், தொழிலாளர், வாடிக்கையாளர், அரசு, சமூகம் என்று ஐந்து தலைப்புகளோடு முடிந்துவிடும். படிப்பவருக்கு, இந்தப் பொறுப்பு உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்று தோன்றும். சி.எஸ்.ஆர் என்ற மூன்று எழுத்துக்கு டெட்ராய்டிலும் டோக்கியோவிலும் மும்பையிலும் ஒரே அர்த்தம்தான் என்றும் தோன்றும்.

வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. ஒரு கம்பெனி யாருக்குக் கடமைப்பட்டது என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தன் பழக்கத்திலிருந்தும், தன் பயத்திலிருந்தும், தன் மக்கள் எதை நியாயம் என்று நினைத்தார்களோ அதிலிருந்தும்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இதைப் பார்ப்பதற்கு 1919 ஒரு வசதியான வருடம். முதல் உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. விலைவாசி எல்லா இடத்திலும் எகிறியிருந்தது. ரஷ்யாவில் 1917ல் நடந்த புரட்சி, உலகத்தில் இருந்த முதலாளிகள் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்திருந்தது. அந்த ஒரே வருடத்தில் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், இந்தியா என நான்கு நாடுகளிலும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதில் கிடைத்தது. நான்கும் நான்கு விதம். நூறு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

அமெரிக்கா: போட்ட பணத்துக்கு முதல் மரியாதை

1903ல் ஹென்றி ஃபோர்டு கார் கம்பெனி தொடங்கியபோது, ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் என்ற சகோதரர்கள் 10,000 டாலர் மதிப்புக்கு அதில் பங்கு எடுத்தார்கள். மொத்தப் பங்கில் 10 சதவீதம். மாடல் டி கார் உலகத்தையே வாங்க வைத்தது. 1916ல் கம்பெனியிடம் சேர்ந்திருந்த உபரி மட்டும் சுமார் 11 கோடி டாலர்.

அந்த நேரத்தில் ஃபோர்டு ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் சிறப்பு டிவிடெண்ட் கிடையாது. காரின் விலையை 440 டாலரிலிருந்து 360 டாலராகக் குறைக்கப் போகிறோம், ரூஜ் ஆற்றங்கரையில் பெரிய ஆலை கட்டப் போகிறோம் என்றார். இன்னும் நிறைய பேருக்கு வேலை கொடுக்க வேண்டும், தொழிலின் பலன் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 1914லேயே ஒரு நாள் கூலியை 5 டாலராக ஏற்றி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்.

டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1919 பிப்ரவரி 7ல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வணிக நிறுவனம் நடத்தப்படுவது முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காக, பொதுமக்களுக்கு நல்லது செய்கிறேன் என்று அந்த நோக்கத்தையே இயக்குநர்கள் மாற்றிவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் டிவிடெண்ட் கொடுக்க உத்தரவானது. ஆலை கட்டுவதை மட்டும் நீதிமன்றம் தடுக்கவில்லை. வியாபாரம் எப்படிச் செய்வது என்று சொல்வது நீதிபதிகள் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

இந்தக் கதையில் ஃபோர்டை வள்ளல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டாட்ஜ் சகோதரர்கள் அதற்குள் சொந்தமாகக் கார் தயாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். டிவிடெண்டை நிறுத்தினால் போட்டிக்காரனுக்குப் பணம் போகாது என்ற கணக்கும் ஃபோர்டிடம் இருந்தது என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். 5 டாலர் கூலிக்கும் ஒரு விலை இருந்தது. தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்த்துவர ஆள் அனுப்ப ஃபோர்டு கம்பெனியில் ஒரு தனித்துறையே இருந்தது.

ஆனால் தீர்ப்பு சொன்ன விஷயம் அமெரிக்க மனதுக்கு நெருக்கமானது. சம்பாதிப்பது கம்பெனி, தர்மம் செய்வது மனிதன். இரண்டையும் கலக்கக் கூடாது. ஆண்ட்ரூ கார்னகி இதற்கு நல்ல உதாரணம். பணக்காரனாகச் சாவது அவமானம் என்ற கருத்தில் 1889ல் கட்டுரை எழுதினார். உலகம் முழுக்க 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். அதே கார்னகியின் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் 1892ல் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்களுக்கும் கம்பெனி கொண்டுவந்த ஆயுதக் காவலர்களுக்கும் சண்டை நடந்து, இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. நூலகம் அவருடைய சொந்தப் பணம், கூலி கம்பெனி விவகாரம். இரண்டும் வேறு வேறு பேரேடுகள்.

கம்பெனியே நன்கொடை கொடுக்கலாமா என்ற சந்தேகம் அமெரிக்காவில் தீர ரொம்ப காலம் பிடித்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கம்பெனி 1,500 டாலர் கொடுத்ததைக்கூட பங்குதாரர்கள் எதிர்த்து, அது சரிதான் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1953ல் சொல்ல வேண்டியிருந்தது. 1970ல் பொருளாதார நிபுணர் மில்டன் ஃபிரீட்மன், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்று எழுதியபோது, அவர் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. 1919ல் நீதிமன்றம் சொன்னதைப் பொருளாதார மொழியில் மறுபடி சொன்னார்.

ஜெர்மனி: சட்டத்தில் எழுதினால்தான் நம்பிக்கை

அதே 1919 ஆகஸ்டில் ஜெர்மனியின் வைமர் அரசியல் சட்டம் கையெழுத்தானது. மன்னராட்சி போன பிறகு எழுதப்பட்ட முதல் சட்டம். அதன் 153வது பிரிவு, சொத்து வைத்திருப்பவனுக்கு அந்தச் சொத்தே ஒரு கடமையைக் கொண்டுவருகிறது, அதைப் பொதுநன்மைக்கும் பயன்படும்படி பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தை வைத்தது. 165வது பிரிவு தொழிலாளர் குழுக்களுக்கு இடம் கொடுத்தது.

மிச்சிகன் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் ஆறு மாதம்தான். ஒரு நாடு சொத்து என்பது உரிமை என்றது. இன்னொரு நாடு சொத்து என்பது கடமையும்தான் என்றது.

இது திடீரென்று வந்த ஞானோதயம் அல்ல. சோஷலிஸ்டுகள் பக்கம் தொழிலாளர்கள் போய்விடுவார்களோ என்ற பயத்தில் பிஸ்மார்க் 1883ல் நோய்க் காப்பீடு, 1884ல் விபத்துக் காப்பீடு, 1889ல் முதுமை ஓய்வூதியம் என்று வரிசையாகச் சட்டம் போட்டிருந்தார். யேனா நகரில் ஸைஸ் கண்ணாடித் தொழிற்சாலையின் உரிமையாளராக இருந்த எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியல் அறிஞர், 1889ல் ஒரு அறக்கட்டளை அமைத்துக் கம்பெனியில் தன் பங்கை அதற்கே எழுதி வைத்தார். நூற்பாலையில் நாளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் உழைத்த ஒரு தொழிலாளியின் மகன் அவர். 1900ல் ஸைஸில் எட்டு மணி நேர வேலை வந்தது. முக்கியமான விஷயம் என்னவென்றால், தொழிலாளிக்குத் தரும் சலுகைகளை முதலாளியின் நல்ல மனசுக்கு அவர் விட்டுவைக்கவில்லை. அறக்கட்டளை விதிகளில் எழுதினார். கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிற அளவுக்கு எழுதினார்.

ஆனால் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. தொழிலாளர் குழுச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, இந்த உரிமை போதாது என்று 1920 ஜனவரியில் பெர்லின் நாடாளுமன்றத்தின் முன் கூடிய கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 42 பேர் இறந்தார்கள். பிறகு வந்த நாஜி ஆட்சி 1934ல் அந்தக் குழுக்களையே கலைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. 1949 அரசியல் சட்டத்தின் 14வது பிரிவில் சொத்தின் கடமை மறுபடி வந்தது. 1951ல் நிலக்கரி, இரும்புத் தொழிலிலும், 1976ல் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய கம்பெனிகளிலும் கண்காணிப்புக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு என்று சட்டமானது.

அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் சி.எஸ்.ஆர் பற்றி வண்ண வண்ண அறிக்கை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் ஏன் பேசாமல் இருந்தன என்ற கேள்வியை டிர்க் மாட்டன், ஜெரமி மூன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008ல் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன பதில் சுலபமானது. அமெரிக்காவில் பொறுப்பு வெளிப்படையாக அறிவிக்கப்படுவது, ஐரோப்பாவில் அது சட்டத்துக்குள்ளும் வழக்கத்துக்குள்ளும் மறைந்து இருப்பது. மருத்துவக் காப்பீடு கொடுப்பது அமெரிக்கக் கம்பெனிக்குப் பெருமை. ஜெர்மன் கம்பெனிக்கு அது மாசாமாசம் சம்பளப் பட்டியலில் போகும் ஒரு பிடித்தம்.

ஜப்பான்: கம்பெனி ஒரு குடும்பம்

1918 கோடையில் ஜப்பானில் அரிசி விலை ஏறி நாடு முழுக்கக் கலவரம் வெடித்தது. பிரதமரே பதவி விலக வேண்டியதாயிற்று. அடுத்த வருடம், 1919 டிசம்பரில், அரசும் தொழிலதிபர்களும் சேர்ந்து 'கியோச்சோகாய்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒத்துழைப்புச் சங்கம் என்று சொல்லலாம். முதலாளியும் தொழிலாளியும் எதிரிகள் இல்லை, ஒத்துப்போக வேண்டியவர்கள் என்பது அதன் அடிப்படை. அதன் துணைத் தலைவர்களில் ஒருவர் ஷிபுசாவா எய்ச்சி.

ஷிபுசாவாவை நவீன ஜப்பானிய முதலாளித்துவத்தின் தந்தை என்பார்கள். 1840ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1873ல் முதல் தேசிய வங்கியைத் தொடங்கி, பிறகு சுமார் 500 கம்பெனிகள் உருவாகக் கைகொடுத்தவர். கன்பூசியஸின் போதனையும் அபாகஸ் மணிச்சட்டமும் சேர்ந்தே இருக்க வேண்டும், அறம் இல்லாத லாபம் நிலைக்காது என்று 1916ல் வந்த அவருடைய புத்தகம் பேசியது. 2024 ஜூலையில் வெளியான புதிய 10,000 யென் நோட்டில் இருப்பது அவர் படம்தான்.

ஷிபுசாவாவுக்கு முன்பே இந்த எண்ணம் அங்கே இருந்தது. இன்றைய ஷிகா மாநிலமான ஓமி பகுதியின் வியாபாரிகள் ஊர் ஊராகச் சரக்கு தூக்கிச் சென்று விற்றவர்கள். போகிற ஊரில் அவர்கள் அந்நியர்கள். ஒருமுறை பெயர் கெட்டால் மறுபடி அந்த ஊருக்குள் நுழைய முடியாது. அதனால் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் லாபம் கிடைத்தால் போதாது, அந்த ஊருக்கும் நல்லது நடக்க வேண்டும் என்ற வழக்கம் உண்டானது. 'சன்போ யோஷி', அதாவது மூன்று பக்கமும் நன்மை என்று பிற்காலத்தில் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதோடு 'இயே' என்ற வீட்டு மரபும் சேர்ந்தது. வியாபாரக் குடும்பம் என்றால் ரத்த சொந்தம் மட்டும் அல்ல. சிறுவயதில் வேலைக்குச் சேர்ந்தவனும் அந்த வீட்டைச் சேர்ந்தவன்தான். வீடு அவனைக் காப்பாற்றும், அவன் வீட்டின் பெயரைக் காப்பாற்றுவான். பின்னாளில் வந்த வாழ்நாள் வேலை, கம்பெனிக் குடியிருப்பு, கம்பெனி மருத்துவமனை எல்லாமே இந்த மரபின் சாயல் கொண்டவை. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் 1919லேயே ஒருவர் இதில் ஏதோ இடிக்கிறது என்று உணர்ந்தார். சுசுகி புன்ஜி என்ற தொழிற்சங்கத் தலைவரை ஒத்துழைப்புச் சங்கத்துக்குக் கூப்பிட்டபோது அவர் சேரவில்லை. சங்கம் வைக்கும் உரிமைக்கே சட்டத்தில் இடம் இல்லாதபோது, ஒத்துழைப்பு என்றால் யார் யாருக்கு ஒத்துப்போவது?

இந்தக் கேள்விக்கு விடை மினமாட்டாவில் கிடைத்தது.

கியூஷு தீவில் கடலோரத்தில் இருக்கும் சிற்றூர் மினமாட்டா. 1908ல் அங்கே வந்த சிஸ்ஸோ கம்பெனியின் இரசாயன ஆலையால் ஊர் வளர்ந்தது. வேலை, கடை, நகராட்சிக்கு வரி, மருத்துவமனை எல்லாம் கம்பெனிதான். 1932 முதல் அந்த ஆலையின் கழிவில் பாதரசம் கலந்து கடலுக்குப் போனது. மீனைத் தின்ற பூனைகள் துடிதுடித்துச் செத்தன. பிறகு மீனவர்களுக்குக் கை கால் நடுங்கியது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்தன.

1956 மே 1ல் இந்த நோயை அரசு சுகாதார நிலையத்துக்கு முதலில் தெரிவித்தது கம்பெனியின் சொந்த மருத்துவமனைதான். அதன் தலைமை மருத்துவர் ஹொசோகாவா ஹஜிமே. அவர் அதோடு நிற்கவில்லை. ஆலைக் கழிவை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில், 400வது எண் கொண்ட பூனைக்கு அதே நோய் வந்தது. காரணம் தெரிந்துவிட்டது. அவர் நிர்வாகத்திடம் சொன்னார். பரிசோதனையை நிறுத்தச் சொன்னது நிர்வாகம். அவர் நிறுத்தினார். வெளியிலும் சொல்லவில்லை.

அந்த வருடம் டிசம்பர் கடைசியில் கம்பெனி நோயாளிகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. இறந்தவருக்கு 3 லட்சம் யென். அதற்கு வைத்த பெயர் 'மிமாய்கின்'. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகும்போது கையில் கொடுக்கும் அனுதாபப் பணம் என்று அர்த்தம். நஷ்ட ஈடு என்ற வார்த்தை கிடையாது. பிற்காலத்தில் ஆலைக் கழிவுதான் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. பூனையின் முடிவு கம்பெனிக்குத் தெரிந்த பிறகு எழுதப்பட்ட நிபந்தனை அது. 1968 வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஊர் யார் பக்கம் நின்றது? பெரும்பாலும் கம்பெனி பக்கம். ஆலை மூடினால் ஊர் என்ன ஆகும் என்று பயந்தார்கள். நோயாளிகளின் குடும்பங்களை ஒதுக்கி வைத்தார்கள். 1970ல் புற்றுநோயால் படுக்கையில் கிடந்த ஹொசோகாவா, பூனைப் பரிசோதனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சியம் கொடுத்தார். அதே வருடம் இறந்தும் போனார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் சிஸ்ஸோதான் பொறுப்பு என்றும், அந்த அனுதாபப் பண ஒப்பந்தம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

ஜப்பானியக் கலாச்சாரத்தில் பொறுப்புணர்வு இல்லை என்று இதற்கு அர்த்தமா? இல்லை. பொறுப்புணர்வு அங்கே மிக அதிகம். ஆனால் அது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கானது. மீனவர்கள் அந்த வீட்டில் இல்லை. மருத்துவரை நல்ல ஊழியராக வைத்திருந்த அதே விசுவாசம்தான் அவர் வாயையும் பதினொரு வருடம் கட்டிப்போட்டது.

இந்தியா: கொடை

1919 ஜனவரி 2ல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபு சாக்சி என்ற இடத்துக்குப் போனார். போரில் டாடா ஆலையின் தண்டவாளங்கள் பிரிட்டிஷ் படைகளுக்குப் பெரிய உதவியாக இருந்தன. அதற்கு நன்றியாக, 1904லேயே காலமாகிவிட்ட ஜாம்செட்ஜி டாடாவின் பெயரில் அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். அமெரிக்காவில் முதலாளியின் பெயர் கோர்ட்டு வழக்கில் வந்த வருடத்தில், இந்தியாவில் முதலாளியின் பெயர் ஊருக்கு வந்தது.

ஆலை எங்கே அமையும் என்று முடிவாகும் முன்பே, 1902ல் ஜாம்செட்ஜி தன் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், தொழிலாளர் ஊரில் அகலமான தெருக்களும், நிழல் மரங்களும், விளையாட்டு மைதானமும், கோயில், மசூதி, தேவாலயத்துக்கு இடமும் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். 1912ல் உற்பத்தி தொடங்கியபோதே எட்டு மணி நேர வேலை அங்கே நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்தியச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தியாவில் இதற்கும் ஒரு பழைய வேர் உண்டு. வடக்கே வியாபாரிகள் தர்மாதா என்று பில்லோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலித்துக் கோயிலுக்கும் கோசாலைக்கும் கொடுத்தார்கள். தெற்கே மகமை. விருதுநகர் நாடார் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அந்தப் பணத்தில் 1889ல் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. மகமையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வருடக் கடைசியில் லாபம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், சரக்கு கைமாறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். கணக்கைக் கேட்கும் உரிமையும் மகமை கொடுத்தவர்களுக்கு இருந்தது.

முதலாளி தன் செல்வத்துக்குத் தர்மகர்த்தா மட்டுமே என்று காந்தி சொன்னதும் இதே மண்ணில்தான். ஆனால் அதற்கு முன் 1918ல் அகமதாபாத்தில் அவர் செய்தது வேறு. மில் முதலாளிகள் 20 சதவீத உயர்வு தருகிறோம் என்றார்கள். 35 சதவீதம் கேட்டுத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் நிறுத்தி, கடைசியில் தானே உண்ணாவிரதம் இருந்தார். முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் தரப்பில் அவருடைய அக்கா அனசூயா சாராபாய். நல்ல மனசை நம்பு, ஆனால் சங்கமும் வை என்பதுதான் அகமதாபாத் பாடம். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

ஏன் என்றால் கொடை என்ற வார்த்தையிலேயே கொடுப்பவன் கை மேலே இருக்கிறது. வாங்குபவன் நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. ஜாம்ஷெட்பூரிலும் 1920, 1922, 1928 என்று வேலைநிறுத்தங்கள் நடந்தன. மரமும் மருத்துவமனையும் கிடைத்தவர்கள்தான் கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் வெளியே வந்தார்கள். அந்த ஊருக்காக நிலத்தை இழந்த ஆதிவாசி கிராமங்களின் கதை இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது.

2013ல் இந்தியா உலகமே கவனித்த ஒரு காரியம் செய்தது. கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவில் சமூகப் பொறுப்பைச் சட்டமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனிகள், கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பார்வைக்கு ஜெர்மனி போலத் தெரியும். ஆனால் விதிகளைப் படித்தால் வேறு கதை. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன் தரும் செலவு இதில் சேராது. வழக்கமான தொழில் நடவடிக்கையும் சேராது. அதாவது கூலியை எப்படிக் கொடுக்கிறாய், கழிவை எங்கே விடுகிறாய் என்பது இந்தக் கணக்கிலேயே வராது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவது வரும். ஜெர்மனி உரிமையைச் சட்டமாக்கியது. இந்தியா சட்டமாக்கியது கொடையை, ஒரு வகையில் நாடு தழுவிய மகமையை.

அந்த இடைவெளியில் யார் விழுவார்கள் என்பதற்குக் கொடைக்கானல் ஒரு சாட்சி. அமெரிக்காவிலிருந்து 1980களில் அங்கே கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001ல் ஆலை மூடப்பட்டது. ஆலையால் உடல்நலம் கெடவில்லை என்பதே கம்பெனியின் நிலைப்பாடு. தொழிலாளர்கள் பதினைந்து வருடம் போராடினார்கள். 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு வந்தது. கொடுக்கப்பட்ட பணத்துக்கு வைத்த பெயர் கருணைத் தொகை. மினமாட்டாவில் அனுதாபப் பணம், கொடைக்கானலில் கருணைத் தொகை. இரண்டு நாடு, அதே பாதரசம், ஏறக்குறைய அதே வார்த்தை.

எண்களால் சொல்ல முடியுமா?

தேசியக் கலாச்சாரம் என்றதும் மேலாண்மை மாணவர்கள் ஹோஃப்ஸ்டீட் பெயரைச் சொல்வார்கள். ஐ.பி.எம் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து 1980ல் கீர்ட் ஹோஃப்ஸ்டீட் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, ஜெர்மனிக்கு 67, இந்தியாவுக்கு 48, ஜப்பானுக்கு 46. அமெரிக்காவைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது. ஆனால் இந்தியாவும் ஜப்பானும் இரண்டே மார்க் வித்தியாசத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஒன்று கம்பெனியைக் குடும்பமாக்கியது, மற்றொன்று கம்பெனியை வள்ளலாக்கியது. மதிப்பெண் இன்றைய மனப்போக்கைக் காட்டும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஓமி வியாபாரியும் மகமையும் பிஸ்மார்க்கின் பயமும் வேண்டும்.

கலாச்சாரம் கல்வெட்டும் இல்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெரிய கம்பெனித் தலைவர்கள் 181 பேர், ஊழியர், வாடிக்கையாளர், ஊர் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். மிச்சிகன் தீர்ப்புக்குச் சரியாக நூறு வருடம் கழித்து. அறிக்கை சட்டமாகிவிடாது என்பது வேறு விஷயம். மறுபக்கம், சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் கண்காணிப்புக் குழுவில் பாதி தொழிலாளர் தரப்பு, வாக்குரிமையில் 20 சதவீதம் லோயர் சாக்சனி மாநில அரசிடம். அப்படிப்பட்ட கம்பெனிதான் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை வைத்திருந்தது என்று 2015ல் வெளியே வந்தது. தொழிலாளிக்கு மேஜையில் நாற்காலி இருந்தது. தெருவில் அந்தப் புகையைச் சுவாசித்தவனுக்கு இல்லை.

நான்கு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எந்தக் கலாச்சாரமும் கம்பெனிகளைப் பொறுப்பில்லாமல் இருக்கச் சொல்லவில்லை. யாருக்குப் பொறுப்பு என்று ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். அமெரிக்க வட்டத்துக்குள் பங்குதாரர், ஜெர்மன் வட்டத்துக்குள் சட்டம் பெயர் சொன்னவர், ஜப்பானிய வட்டத்துக்குள் வீட்டு மனிதர், இந்திய வட்டத்துக்குள் நன்றியோடு கை நீட்டுபவர். உள்ளே இருப்பவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மினமாட்டா மீனவரும் கொடைக்கானல் தொழிலாளியும் கோர்ட்டு வாசலிலும் தெருவிலும் நின்று அந்த வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால், சி.எஸ்.ஆர் பக்கத்தில் மரம் நடும் படத்துக்குக் கீழே இருக்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கம்பெனியின் ஆலைக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் அந்தப் பக்கத்தில் எங்காவது வருகிறார்களா, வந்தால் பயனாளியாக வருகிறார்களா, கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர்களாக வருகிறார்களா என்று தேடிப் பாருங்கள்.